2,500 ராண்டு நாய்க்குட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் இருக்கும் தெருவில் முன்பு நாயில்லாத வீடு எங்களுடையது மட்டும்தான். பக்கத்து வீட்டு அண்ணனின் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்தில் டர்பன் வந்தது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவரும் பார்க்கும்போதெல்லாம் நாய் வளர்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகளோ லாப்ரடார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

2022 மார்ச்சில் விசாரிக்க ஆரம்பித்தேன். பதிவு செய்த வளர்ப்பாளர்கள் 12,000 ராண்டு (இந்த நாட்டு நாணயம்) என்றார்கள், 15,000 என்றார்கள். இணைய விளம்பரம் ஒன்றில் 2,500. "எட்டு வாரக் குட்டி, ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு." வாலும் காலும் எல்லா நாய்க்கும் ஒன்றுதானே என்று முடிவு செய்தேன். சாத்தூருக்குப் போன் பண்ணியபோது அப்பா விலையைக் கேட்டு ஒருமுறை பெருமூச்சு விட்டார் (தெருவில் சும்மா திரிகிற பொருளுக்கு ரூபாயா?), பிறகு, "தாயைப் பாத்தியாடா?" என்றார். எங்கள் பக்கம் சிப்பிப்பாறைக் குட்டிக்குச் சொல்லி வைக்கிறவர்கள் தாய் முயலை விரட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லி வைப்பார்கள். "அது வேட்டை நாய்க்குப்பா, இது வீட்டு நாய்" என்று பேச்சை முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வர வேண்டாம், வழியில் கராஜில் வைத்துத் தருகிறேன் என்றான் விற்றவன். இங்கே பெட்ரோல் பங்கைத்தான் கராஜ் என்பார்கள். ஒரு வெள்ளை பக்கி வந்து நின்றது. பக்கி என்றால் பிக்கப் வண்டி. நம் ஊர் பக்கி யார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது நான்தான். பின்னால் ஒரு தக்காளிப் பெட்டியில் ஆறு குட்டிகள். மகள் ஒன்றைத் தூக்கினாள். காசு கைமாறியது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆறாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. ஏழாம் நாள் வாந்தி, ரத்தத்தோடு பேதி. கிளினிக் கதவைத் திறந்தவுடனேயே அந்த வாடையை வைத்து டாக்டரம்மா "பார்வோ" என்றார், குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பரிசோதனை அதை உறுதி செய்ததோடு சரி. பிறகு வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், எடை போட்டார். எட்டு வாரம் என்று சொல்லி வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்த குட்டிக்கு, ஆறு வாரம் இருந்தால் அதிகம் என்றார். நான் பெருமையாக நீட்டிய தடுப்பூசி அட்டையைப் புரட்டிவிட்டு, தன் மேசையிலிருந்து இன்னொரு நாயின் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன லேபிள், அதில் பேட்ச் எண், மேலே மருத்துவரின் கையெழுத்து. என் அட்டையில் நீலப் பேனாவால் எழுதிய இரண்டு தேதிகள். அவ்வளவுதான். அந்த இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த அந்த நொடிதான் இந்த விஷயத்தில் நான் படித்த பாடப் புத்தகம்.

டிரிப் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. பில் 9,800. விற்றவனின் எண் அதற்குள் அணைந்து போயிருந்தது. மகளிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த மாதமே டர்பனில் அந்தப் பெருவெள்ளம். எங்கள் முற்றத்திலும் முழங்கால் தண்ணீர். கிருமியும் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன், சிரித்தார். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம். சிமெண்ட் தரையை, ஒரு பங்கு ஜிக்குக்கு (இங்கே விற்கும் ப்ளீச்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவலாம். புல்லையும் மண்ணையும் அப்படிக் கழுவ முடியாது. ஊசி முழுதாகப் போடாத குட்டியை ஒரு வருடத்துக்கு இந்த வாசலில் விடாதே என்றார். அந்த ஒரு வருடம்தான் எனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம்.

2023 தொடக்கத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். காசு அதிகமென்றால் தரமும் அதிகம் என்று. ஓரிடத்தில் "அபூர்வ வெள்ளி நிற லாப்ரடார்", 22,000 ராண்டு. தாய் வேறு பண்ணையில் இருக்கிறது, பார்க்க முடியாது என்றார்கள். திரும்பி வந்து படித்துப் பார்த்தேன். லாப்ரடார் இனத்துக்கு அங்கீகரித்த நிறம் மூன்றே: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். நிறத்தை வெளிற வைக்கிற மரபணு இரட்டையாகச் சேரும்போதுதான் இந்த வெள்ளி. அப்படிப்பட்ட நாய்களில் சிலவற்றுக்கு வளர வளர முடி கொட்டித் தோல் வறண்டு செதிலாகிவிடும். 2,500-க்குத் தாயைக் காட்டாதவனும் 22,000-க்குத் தாயைக் காட்டாதவரும் எனக்கு ஒரே ஆள்தான்.

நடுவில் மனைவி எஸ்பிசிஏவுக்கு, அதாவது விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்குப் போகலாம் என்றாள். வீட்டுக்கு வந்து மதில், கேட் எல்லாம் பார்த்துவிட்டு, கருத்தடை, ஊசி, மைக்ரோசிப் செய்து கொடுப்பார்கள், செலவும் குறைவு. இன்ன இனம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். நாங்கள் ஏன் போகவில்லை என்பதற்கு மகளின் லாப்ரடார் ஆசை தவிர என்னிடம் காரணமில்லை. அந்தக் காரணம் இன்னும் எனக்கே முழுதாக ஒப்பவில்லை.

கடைசியில் கிடைத்தவர் ஹோவிக் பக்கம் ஓர் அம்மையார், அறுபது வயதிருக்கும். முதல் போனில் விலையைச் சொல்லவே இல்லை. கேள்வி மேல் கேள்வி. பகலில் வீட்டில் யார்? மதில் எவ்வளவு உயரம்? நாய் உள்ளே படுக்குமா, வெளியிலா? காவலுக்கு என்று நான் வாய் தவறிச் சொன்னதும், "அப்படியானால் வேறு இனம் பாருங்கள், இவன் திருடனுக்கு டார்ச் பிடிப்பான்" என்றார். பெண் கேட்டுப் போன மாதிரி இருந்தது. என் பேரை வரிசையில் எழுதிக்கொண்டார். ஏழு மாதம் ஆனது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை என்3 நெடுஞ்சாலையில் ஏறிப் போனோம். ஹில்டன் மேட்டில் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாத மூடுபனி. உள்ளே போனதும் தாய்தான் முதலில் வந்து என் கால் சட்டையை மோந்தது. அதன் காகிதங்களை அம்மையார் மேசையில் பரப்பினார். குசா (இங்குள்ள நாய் வளர்ப்போர் சங்கம்) பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்ததும் அவரே தடுத்தார்: அது பரம்பரை சொல்லும், ஆரோக்கியம் சொல்லாது. ஜாதகம் மாதிரி என்று நான் மனதுக்குள் புரிந்துகொண்டேன். அவர் காட்ட விரும்பியது எக்ஸ்ரே முடிவு. இடுப்பு மூட்டுக்கு ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. ஏ குறையில்லாதது, ஈ மோசம். தாய்க்கு ஏ, தகப்பனுக்கு பி. பிறகு மெல்ல மெல்லப் பார்வை போகிற விழித்திரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை. பழுதான மரபணு இரு பக்கமிருந்தும் வந்தால்தான் குட்டிக்கு நோய். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் போதும். தாய் பக்கம் சுத்தம்.

விலை 14,000. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி: எந்த வயதிலும், எந்தக் காரணத்தாலும் நாயை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். 2,500-க்கு விற்றவன் எண்ணையே அணைத்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த பிறகும் செலவு நிற்கவில்லை. மிச்ச ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி (இங்கே சட்டப்படி கட்டாயம், எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலில் ரேபிஸ் இன்னும் இருக்கிறது), உண்ணிக்கு மாத்திரை. டர்பன் புழுக்கத்தில் உண்ணி மூலம் வரும் பிலியரி காய்ச்சல் வாங்கிய விலையைப் பார்த்தா வரும்? முதல் குட்டிக்கு ஒன்பது நாளில் ஆன செலவு 12,300 என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது மனைவிதான். நான் போடாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அம்மையார் மாதம் ஒருமுறை எடை கேட்டு செய்தி அனுப்புவார். ஒரு வயது முடிந்ததும் இவனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து முடிவைத் தனக்கு அனுப்பச் சொன்னார். எடுத்தோம். பி வந்தது. நல்ல முடிவுதான் என்று சாத்தூருக்குப் போன் பண்ணி விளக்கினேன்.

"பி-யா?" என்றார் அப்பா. "ஏன், ஏ வாங்கலையா?"