சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் ஊரில் ஒரு எண்ணெய் ஆலை: நடந்தது இதுதான்

2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் சிங்கப்பூர் வந்துபோன பிறகு எங்கள் நண்பர்களிடையே ரொம்ப நாள் இதே பேச்சுதான். ஊரில் முதலீடு செய்யுங்கள், எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் வாங்க ஒற்றைச்சாளரம் இருக்கிறது, அரசு துணை நிற்கும் என்கிறார்கள், சரி, ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இருபது முப்பது லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஆள் யாரைப் போய்ப் பார்ப்பது? அடுத்த ஜனவரியில் சென்னை உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று செய்தி வந்தபோதும் அந்தக் கேள்வி அப்படியேதான் நின்றது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிக் கொப்பரை காயவைத்து எண்ணெய் ஆட்டும் சிறு ஆலை ஒன்றைப் போட்டு முடித்திருக்கிறேன். வழியில் என்னென்ன வந்தது என்று எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் நிலம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மனை வாங்கலாம், கட்டடம் வாங்கலாம், ஆனால் டெல்டாவில் ஊரைத் தாண்டினால் வயல், இல்லாவிட்டால் தோப்பு. ஆக எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது அப்பா தாத்தா வழியில் வந்த பங்குதான், அதற்குத் தடையில்லை. சிக்கல், அந்தப் பங்கு பெரும்பாலும் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது.

எங்களுடையது அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் சேர்ந்து இருந்தது. அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம், அப்புறம் உட்பிரிவுக்கு மனு. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தபோது சித்தப்பா, "அந்த ரெட்ட மரத்துலேர்ந்து நேரா கோடு போடுங்க சார்" என்கிறார். ரெட்டை மரம் 2018 நவம்பர் கஜா புயலிலேயே விழுந்துவிட்டது, குழிகூடத் தூர்ந்துபோச்சு. கடைசியில் மட்டைக் குவியலைப் புரட்டி, மண்வெட்டியால் சுரண்டி, தலை உடைந்த எல்லைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் புலப்படத்தோடு அளவு ஒத்துவந்தது. சித்தப்பா கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவர் முரண்டு பிடித்திருந்தால் எந்த அமைச்சர் அழைத்திருந்தாலும் இந்த ஆலை வந்திருக்காது.

நான் சிங்கப்பூரில், ஆலை வேலை ஊரில். அதனால் சித்தப்பா மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தேன். சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கிக் கையெழுத்திட்டு அனுப்பினால் மட்டும் போதாது, அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியரில் வந்ததை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, "டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, அங்க எப்படி ஆலை?" என்று கேட்காத ஆளில்லை. 2020-ல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் செம்பு, அலுமினிய உருக்காலைகளையும் தோல் பதனிடுவதையும் அது போன்றவற்றையும்தான். விளைந்த தேங்காயை அங்கேயே காயவைத்து ஆட்டுவதற்கு அது குறுக்கே வரவில்லை. எனக்கு அந்தச் சட்டம் வந்ததில் மனசார மகிழ்ச்சி, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிற முதலீடு எவ்வளவு கோடியாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம். ஆனால் நில வகைப்பாடு வேறு விஷயம். எங்கள் இடம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், பதிவேட்டில் நஞ்சை. நஞ்சையில் கொட்டகை போட வேளாண் இணை இயக்குநரின் கருத்து, கலெக்டரின் சம்மதம் எல்லாம் வேண்டும். மனு இணையத்தில் ஏறுகிறது, உண்மைதான், அதற்குப் பிறகு அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லாவிட்டால் அங்கேயே தூங்கும்.

பணம். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ வங்கிக் கணக்கிலிருந்து போட்டேன். முதலைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்ற அடிப்படையில், சித்தப்பா மகனோடு கூட்டு நிறுவனம். அப்படிப்பட்ட நிறுவனம் விவசாயத்திலோ தோட்டத் தொழிலிலோ இறங்கக் கூடாது என்பதால் தோப்பை அதற்குள் கொண்டுவரவில்லை, கொட்டகை நிற்கும் இடத்துக்கு மட்டும் வாடகை ஒப்பந்தம். இதை ஆடிட்டர் சொல்லித்தான் செய்தோம், அவருக்குக் கொடுத்த கட்டணம் வீணில்லை.

கடனுக்குப் போன முதல் வங்கிக் கிளையில் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க வெளிநாட்டுல இருக்கீங்க, நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று அனுப்பிவிட்டார்கள். நாலு நாடு சுற்றிப் பணம் கொண்டுவாருங்கள் என்று அழைக்கிற மாநிலத்தில், பணத்தோடு வந்தவனுக்கு இந்தப் பதில் கிடைத்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு இன்னொரு வங்கியில் தம்பி, அதாவது அந்தச் சித்தப்பா மகன், தன் தோப்புக் கணக்கு வழக்கைக் காட்டி, அவனை முன்னிறுத்தி, குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் கடன் வாங்கினோம். அதில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். ஆனால் அது கையில் வராது, வங்கியிலேயே இருந்து, கடனை ஒழுங்காகக் கட்டினால் 3 ஆண்டுக்குப் பிறகு கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தோப்பு மோட்டாரின் இலவச மின்சாரத்திலிருந்து ஆலைக்கு ஒரு பல்புகூடப் போடக் கூடாது. தனி மும்முனை இணைப்பு, தொழில் கட்டணம், புதுக் கம்பம். இதற்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

கேரளாவில் 1996-லேயே வெளிநாட்டில் வாழும் மலையாளிகளுக்கென்று நோர்கா என்று துறை வைத்தார்கள், திரும்பி வந்தவர் 30 லட்சம் வரையிலான தொழில் தொடங்கினால் 15 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம் மானியம் கிடைக்கிற திட்டமும் அங்கே உண்டு. நம்மிடமும் அயலகத் தமிழர் நல வாரியம் வந்துவிட்டது, ஆண்டுதோறும் ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். அந்த மேடைக்குப் போகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத் தொழில் மையங்களில் அயலகத் தமிழர் மனுக்களை மட்டும் பார்க்க ஓர் அலுவலர், வாட்ஸாப்பில் பதில் சொல்லும் எண்ணோடு. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் பெரிய பெரிய வீடுகளாகப் பூட்டிக் கிடக்கிற பணத்தில் கொஞ்சமாவது ஆலையாக மாறும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் பட்டாவிலிருந்து தொடங்குங்கள். அடுத்த லீவில் வந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா எடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, சித்தப்பா பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வங்கியும் மின்வாரியமும் அதற்கப்புறம்.