பெரியப்பா வீட்டு உபுண்டுவில் பழைய தட்டச்சு விசைப்பலகை ஏறிய கதை

பெரியப்பா தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவர். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் திருக்கருகாவூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது அவர்தான். வாய்க்கால் தூர்வாரவில்லை, பயிர்க் காப்பீட்டுப் பணம் வரவில்லை, பட்டாவில் பெயர் தப்பாக விழுந்திருக்கிறது என்று எதுவானாலும் அவர் திண்ணைக்குத்தான் வருவார்கள். மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவர் அடித்த தாள் இல்லாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் போவது அபூர்வம். டைப்ரைட்டருக்குக் கும்பகோணத்தில்கூட ரிப்பன் கிடைக்காமல் போகவே, பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிப்போட்டார். விற்ற கடைக்காரர் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியே கொடுத்திருந்தார். விண்டோஸுக்குக் காசு தர வேண்டாம், வைரஸ் பயம் குறைவு என்றாராம். அது சரிதான். தமிழ் அடிக்க மட்டும் எதுவும் அமைத்துத் தரவில்லை.

கணினிக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, நாப்பது வருஷமா பழகுன விரலை இப்ப மாத்தச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி. தட்டச்சுக்காரர்கள் கொம்பை முதலில் அடித்து அப்புறம்தான் எழுத்தை அடிப்பார்கள். தமிழ்99-இல் எழுத்து முதலில், உயிர் பிறகு. கை ஓட்டமே தலைகீழாகிவிடும். அதற்காகப் பழைய டிடிபி ஃபான்டுகளில் அடித்தால், இன்னொருவர் கணினியில் திறக்கும்போது அவ்வளவும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசே 2010-இல் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறிவிட்டது. இனியும் அந்தப் பக்கம் போவதில் அர்த்தம் இல்லை. எனவே விசைப்பலகை பழையது, எழுத்து ஒருங்குறி. லினக்ஸில் இதற்கு வழி இருக்கிறது. ஐபஸ் என்கிற உள்ளீட்டு மென்பொருளும், அதனுடன் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜும் (மென்பொருள் பொட்டலம்) போட்டால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஃபொனெடிக், பழைய டைப்ரைட்டர் ஆகிய விசைப்பலகை முறைகள் எல்லாம் வந்துவிடும். ஒரே ஒரு இன்ஸ்டால் கட்டளை. அந்த ஒரு வரி ஓடி முடிய நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

போனை யூஎஸ்பி-யில் செருகி நெட் கொடுத்தேன். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்தேன்; ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள் ஏற்றும் கருவி. நாலைந்து வரி நன்றாக ஓடிவிட்டு ஒரு எரர்: களஞ்சியத்தின், அதாவது மென்பொருள்கள் வந்து இறங்கும் சர்வரின், ரிலீஸ் ஃபைல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை', இன்னும் இத்தனை நாள் கழித்துத்தான் செல்லும். நாள் கணக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்து, "சர்வர் எதிர்காலத்துல இருக்கா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். சர்வர் சரியான தேதியில் இருந்தது; எங்கள் டப்பாதான் சில வருஷம் பின்னால் இருந்தது.

இது எதற்காக என்றால், களஞ்சியத்தின் பேக்கேஜ் பட்டியல்களுக்கு ஒரு முகப்பு ஃபைல் உண்டு, அதுதான் அந்த ரிலீஸ் ஃபைல். அதற்கு டிஜிட்டல் கையெழுத்தும் தேதியும் இருக்கும். கையெழுத்து சரியாக இருந்தாலும், நம் கடிகாரம் இன்னும் எட்டாத தேதி அதில் இருந்தால் ஆப்ட் அதைத் தொடாது. எனக்கு இந்தக் கறார் பிடிக்கும். பிரவுசரும் அதே காரணத்தால்தான் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா அதை நெட் கோளாறு என்று நினைத்து ரீசார்ஜ் வேறு செய்திருக்கிறார்.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, சிஆர்2032, அது செத்துப்போயிருந்தது. மின்சாரம் போனால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். சாதாரணமாக நெட் வந்ததும் உபுண்டு தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்துப் பார்த்தால் அந்த வசதியையும் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அதை 'செட்-என்டிபி ட்ரூ' கொடுத்து இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் மூலையில் இருந்த கடிகாரம் நிகழ்காலத்துக்கு வந்தது, அப்டேட் முழுதாக ஓடியது.

அடுத்து இன்ஸ்டால் கட்டளை. இப்போது பூட்டு கிடைக்கவில்லை, அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் (தானாக அப்டேட் போடும் நிரல்) கையில் இருக்கிறது, காத்திருக்கிறேன் என்றது. தேதி சரியானதும், இத்தனை காலம் போடாமல் கிடந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை உபுண்டு பின்னணியில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த இடத்தில் நெட்டில் தேடினால் 'லாக் ஃபைலை அழித்துவிடு' என்று அறிவுரை கொட்டிக்கிடக்கும். அழிக்காதீர்கள். பூட்டு கோளாறு இல்லை. உள்ளே ஒருவர் வேலை செய்கிறார் என்று அர்த்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பதிவேட்டில் எழுதினால் அப்புறம் எதுவும் மிஞ்சாது. பெரியம்மா காபி போட்டுக் கொடுத்தார், காத்திருந்தோம்.

ஐப்பசி மாதம். வெட்டாற்றுப் பக்கம் இடி இடித்தால் எங்கள் ஊரில் முதலில் போவது கரண்ட். போனது. அப்டேட் பாதியில்.

கரண்ட் வந்த பிறகு கணினி ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆப்ட் மட்டும், 'டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது, நீயே இந்தக் கட்டளையை ஓட்டு' என்று கட்டளையையும் எழுதிக் காட்டியது: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. ஆப்ட் எது வேண்டும், எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடுகிற ஆள். உண்மையில் பேக்கேஜைப் பிரித்து வட்டில் வைப்பது டிபிகேஜி. முதலில் ஃபைல்களைப் பிரித்து வைக்கும், பிறகு ஒவ்வொன்றையும் கான்ஃபிகர் செய்யும். நடுவில் கரண்ட் போனால் பிரித்தவை பிரித்தபடி கிடக்கும். அந்தக் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான். இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அந்தப் பட்டியலில் இருந்ததால், கணினி எழும்போது முதலில் வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை உருவாக்குகிற வரியில் ரொம்ப நேரம் நின்றது. பழைய ஹார்ட் டிஸ்க், அப்படித்தான் இருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து பட்டனை அமுக்கி அணைத்தால் அந்தக் கெர்னலில் கணினி எழாமலே போகலாம். முடிந்ததும் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' ஒரு தடவை கொடுத்தேன். பாக்கி எதுவும் இல்லை என்றது.

இனியாவது வருமா என்று ஐபஸ்-எம்17என் போட்டால், நிஜமான முடிச்சு இங்கேதான். சார்புகள் (ஒரு பேக்கேஜ் ஓட வேண்டிய மற்ற பேக்கேஜ்கள்) பூர்த்தியாகவில்லை, உடைந்த பேக்கேஜ்களை நீ பிடித்து வைத்திருக்கிறாய் என்றது. கடைசி வரியைப் படித்துவிட்டுத் தேடப் போனால் திசை தவறும், ஏனென்றால் யாரும் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. விஷயம் அதற்கு மேலே இருந்த வரியில் இருந்தது. ஐபஸ்ஸுக்கு அதன் துணைப் பேக்கேஜ் ஒன்று அச்சு அசல் அதே பதிப்பெண்ணில் வேண்டும். இந்தக் கணினியில் இருப்பதோ அதைவிடப் புதியது. உபுண்டு களஞ்சியத்தில் இல்லாத பதிப்பு உள்ளே எப்படி வந்தது?

'ஆப்ட் பாலிசி' என்று கொடுத்து அந்தத் துணைப் பேக்கேஜின் பெயரை அடித்தேன். மூன்று நட்சத்திரம் போட்ட வரிதான் இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு. அதற்குக் கீழே எந்தக் களஞ்சியத்தின் முகவரியும் இல்லை. 100 என்ற முன்னுரிமையும், டிபிகேஜி-யின் ஸ்டேட்டஸ் ஃபைலும் மட்டும். அதாவது நிறுவியிருக்கிறது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. உபுண்டுவின் சொந்தப் பதிப்பு அடுத்த வரியில் 500 முன்னுரிமையோடு இருந்தது. 500 பெரிதுதானே, அதை ஏன் எடுக்கவில்லை என்று தோன்றும். பழைய பதிப்புக்கு இறங்க வேண்டுமென்றால் முன்னுரிமை குறைந்தது 1000 இருக்க வேண்டும் என்பது ஆப்ட்டின் விதி. தானாக ஏறுமே தவிர, நாம் சொல்லாமல் இறங்காது.

களஞ்சிய முகவரிகள் இருக்கும் 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' ஃபோல்டரைப் பார்த்ததும் புரிந்தது. முன்பு யாரோ ஒரு பிபிஏ (வெளியார் நடத்தும் தனிக் களஞ்சியம்) சேர்த்து, புதிய ஐபஸ்ஸைப் போட்டு, பிறகு ஐபஸ்ஸை மட்டும் நீக்கிவிட்டு, பிபிஏ வரியின் முன்னால் ஒரு # குறி போட்டு முடக்கியிருக்கிறார்கள். துணைப் பேக்கேஜ்கள் அநாதையாக உள்ளே நின்றுவிட்டன. விற்கும் முன் ஒரு தடவை சுத்தமாக ஏற்றியிருந்தால் இந்த வம்பே இல்லை. எனக்குக் கடைக்காரர்மேல் கொஞ்சம் கோபம்தான்.

அநாதையை நீக்கிவிட்டு மறுபடி போடலாமே? '-எஸ்' என்ற குறியோடு ஓட்டினால் ஆப்ட் எதையும் தொடாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். சொன்னது: நீக்கப்படுபவை பட்டியலில் திரையில் தெரிவதையெல்லாம் தருகிற க்னோம் ஷெல், உபுண்டு டெஸ்க்டாப் என்று வரிசையாக நின்றன. சரி என்று 'ஒய்' தட்டியிருந்தால் பெரியப்பாவுக்குக் கறுப்புத் திரைதான் மிச்சம். இன்ஸ்டால் செய்யும்போது எல்லோரும் 'புதிதாக நிறுவப்படுபவை' என்ற வரியைப் பார்ப்பார்கள். 'நீக்கப்படுபவை' வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீக்காமல் இறக்குவதுதான் வழி. பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஜாமி' என்ற 22.04-இன் செல்லப் பெயரும் சேர்த்தால், அந்த வெளியீட்டின் பதிப்பையே எடு என்று பொருள். அந்தத் துணைப் பேக்கேஜ், அதேபோல் அநாதையாக நின்ற லிப்ஐபஸ் இரண்டுக்கும் அப்படிச் சேர்த்து, ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் அதே வரியில் கொடுத்தேன். முதலில் '-எஸ்' போட்டுப் பார்த்தேன்: நீக்கப்படுபவை காலி, 'பதிப்பு இறக்கப்படுபவை' என்று இரண்டு பெயர். அப்புறம் நிஜமாகவே ஓட்டினேன். சத்தமில்லாமல் முடிந்தது. பிபிஏ வரியையும் முழுதாக அழித்தேன்.

செட்டிங்ஸில் கீபோர்டு பக்கம் போய்த் தமிழைத் தேடினால் டைப்ரைட்டர் வரவில்லை. இது எரர் இல்லை. லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் ஐபஸ் புதிய பட்டியலைப் படிக்கும். வந்தேன், இருந்தது. சேர்த்துவிட்டு லிப்ரேஆபீஸ் ரைட்டரைத் திறந்து பெரியப்பாவிடம் நாற்காலியைக் கொடுத்தேன். விசைப்பலகையைப் பார்க்காமலே 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று அடித்தார். 'ஆட்சி'யில் ஒரு கணம் நிறுத்தி, "மெய்க்குப் புள்ளி அதே இடத்துலதான் இருக்கு" என்றார். சூப்பர் கீயும் (விண்டோஸ் படம் போட்ட விசை) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம், மறுபடி அழுத்தினால் தமிழ் என்பது மட்டும் அவருக்குப் புதிது. அதைத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

பேட்டரியைப் பாபநாசம் கடைத்தெருவில் வாங்கி மாற்றியாகிவிட்டது. தேதி இப்போது பின்னால் ஓடுவதில்லை. யூபிஎஸ் ஒன்று பாக்கி. அதைச் சம்பா நெல் போட்ட பணம் வந்ததும் வாங்கிக்கலாம் என்கிறார். அதுவரைக்கும் வானம் இருட்டினால் அப்டேட்டுக்கு லீவு.