பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு காட்சி: பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 4, புதன்

படமாக்கிப் பழக எடுத்துக்கொண்ட காட்சி ஒரே பக்கம். மும்பை தாராவி, 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை, பத்துக்குப் பன்னிரண்டு. வேலையை விட்டுவிட்டு மதியமே வீடு திரும்பும் மகன். அடுப்பருகே அம்மா.

"ஏம்ல சீக்கிரம் வந்துட்ட?"
"ஒண்ணுமில்லம்மா, தலைவலி."

எழுத்தில் இருக்கிற மாதிரியே நடிக்கவிட்டால் இருவரும் எதிரெதிரே நின்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள். கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன் யார் கை எப்போது ஓங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதில் மூன்று திருப்பங்கள். மகன் மறைக்கிறான். அவன் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இல்லாததை அம்மா கவனிக்கிறாள். கவனித்தும் கேட்காமல் சோறு போடுகிறாள். நடமாட்டம் இந்த மூன்று இடத்தில் மட்டும் போதும்.

ஜூன் 7, சனி

கட்டக் காகிதத்தில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து அறையை வரைந்தாயிற்று. தெற்கே கதவு, கதவோரம் நீல நிறத் தண்ணீர் டிரம். வடக்குச் சுவரில் அடுப்பு. மேற்குச் சுவரை ஒட்டி, கதவுக்குக் கொஞ்சம் உள்ளே கட்டில். ஒத்திகை மொட்டை மாடியில், தரையில் டேப் ஒட்டி. ஆளுக்கொரு நிறம், கால்விரல் வந்து நிற்கும் இடத்தில் 'T' குறி.

"இந்த வரியில் எழுந்து ஜன்னலுக்குப் போ" என்று சொல்லும் இயக்கத்தில் உயிர் இருக்காது. ஜன்னலில் அவனுக்கு என்ன வேலை? இங்கே அம்மாவுக்குத் தண்ணீர் மொள்ள வேண்டியிருக்கிறது, டிரம்மோ கதவோரம். அதனால் மகனைக் கடந்துதான் போயாக வேண்டும். அட்டை இல்லாததை அவள் பார்ப்பது அந்தக் கடப்பில்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்க லுக் பிரச்சினை, அதாவது திரையில் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது.

இருவர் கண்ணையும் இணைக்கும் கற்பனைக் கோடுதான் லைன். கேமரா கிழக்குச் சுவர்ப் பக்கமே இருந்தால் கட்டிலில் இருக்கும் மகனுக்கு ரைட் லுக், அடுப்பில் நிற்கும் அம்மாவுக்கு லெஃப்ட் லுக். அவள் அவனைக் கடந்து டிரம்முக்குப் போனதும் இரண்டும் தலைகீழாகும். கேமரா இம்மியும் நகரவில்லை, ஆனாலும் லுக் மாறிவிட்டது. அந்தக் கடப்பை ஒரு ஷாட்டிலாவது முழுசாகக் காட்டிவிட்டால் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை. முகத்தை நெருங்கிக் காட்டும் க்ளோஸ்களை மட்டும் ஒட்டினால் அம்மா யாரிடம் பேசுகிறாள் என்றே தெரியாது.

ஒருவர் மட்டும் தெரியும் சிங்கிள் ஷாட்டுகளில் இன்னொரு வம்பு. அம்மாவுக்கு க்ளோஸ் வைக்கும்போது மகனாக நடிப்பவர் டீ குடிக்கப் போய்விடுவார், உதவி இயக்குநர் நின்றுகொண்டு வசனம் கொடுப்பார். உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க வேண்டிய பார்வை மேலே ஏறிவிடும். எதிர் நடிகர் அதே உயரத்தில், லென்ஸை ஒட்டி உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு சிங்கிளுக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம். ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டுக்கும் இதே கணக்கு.

ஜூன் 12, வியாழன்

கேமரா ஏபிஎஸ்-சி ரகம். படம் பதியும் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. ஆகவே 24 மி.மீ. லென்ஸில் பத்தடி தள்ளி நின்றால் ஏறக்குறைய பத்தடி அகலம் ஃபீல்டில், அதாவது கேமரா பார்க்கும் பரப்பில், வரும். 50 மி.மீ. போட்டால் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு மனசில் இருந்தால் லொகேஷன் பார்க்கும்போதே எந்த லென்ஸ் என்று முடிவாகிவிடும்.

சின்ன அறையில் ஆட்களை அகலவாக்கில் பரப்ப இடமில்லை, ஆழவாக்கில் வைக்கலாம். கேமராவைச் சந்தில், கதவுக்கு வெளியே வைத்தால் மகன் ஐந்தடியில், அம்மா பதின்மூன்றடியில். இருவரும் ஷார்ப்பாக வேண்டுமென்றால் 24 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 8, ஃபோகஸ் ஏழடியில். நாலேமுக்கால் அடியிலிருந்து பின்சுவர் வரை பிடிக்கும். ஆனால் எஃப் 2.8-ஐவிட எட்டு மடங்கு வெளிச்சம் தேவை. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஏற்றி ஒப்பேற்றினால் இருட்டு மூலைகள் புழுதியாகத் தெரியும். கதவுப் பக்கமிருந்து எல்இடி, வெளிச்சத்தை மென்மையாக்க முன்னால் பட்டர் பேப்பர், அதைத் திருப்பியடிக்க எதிரே தெர்மகோல். அடுப்புக்கு மேலே இருக்கிற ட்யூப்லைட் எரியட்டும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விநாடிக்கு 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம் 1/48 விநாடி, படத்தில் பட்டையோ துடிப்போ வர வாய்ப்புண்டு. 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50. கேமராவில் டிகிரிக் கணக்கு இல்லையென்றால் 25 ஃபிரேம், 1/50. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது. மேகம் நகர நகர ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு நிறமாகிவிடும், ஜூன் மாத மும்பையில் அதற்குக் குறைவேயில்லை.

ஜூன் 15, ஞாயிறு

படப்பிடிப்பு. கதை வரிசைப்படி எடுத்தால் லைட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கதவிலிருந்து முழுக் காட்சியையும் ஒரே ஷாட்டில் பிடிக்கும் மாஸ்டர், பிறகு அடுப்புப் பக்கம் பார்க்கும் ஷாட்டுகள் எல்லாம், கடைசியில் திரும்பி மகன் பக்கம். ஒரே விதிவிலக்கு, அம்மா அட்டையைத் தேடும் க்ளோஸ். நடிப்பவர் அசந்துபோகும் முன் அதை மாஸ்டர் முடிந்த கையோடு எடுப்பது நல்லது.

சோறு ஒவ்வொரு டேக்கிலும் இரண்டு கரண்டி, தம்ளரில் தண்ணீர் கோடு வரை. எந்தச் சொல்லில் தட்டு தரையைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்தும் கன்டினியுட்டி என்றதும் எல்லாரும் உடையைத்தான் பார்க்கிறார்கள், எடிட்டில் கழுத்தறுப்பது கைதான்.

ஒலிக்காக ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் அறைச் சாவியை வைத்துவிட்டால், மறுபடி ஆன் செய்யாமல் யாரும் கிளம்ப முடியாது. ஃபேன் இல்லாததால் வியர்வை கொட்டும், டேக்குக்கு டேக் துடைக்க ஓர் ஆள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மட்டும் யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. ஆட்கள் எல்லாரும் அறைக்குள் இருக்கும்போதே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெற்று ஒலி பதிய வேண்டும். படப்பிடிப்பு முடிந்தது என்று பேக்கப் சொல்லிவிட்டால் அமைதி கிடைக்காது.

ஜூன் 18, புதன்

எடிட். மாஸ்டரிலிருந்து இடுப்புவரை காட்டும் மிட் ஷாட்டுக்கு வெட்டும் இடம் துள்ளுகிறது. கேமரா கோணம் 30 டிகிரிகூட மாறவில்லை, ஆள் அளவும் லேசாகத்தான் மாறியிருக்கிறது. நேராக அம்மாவின் க்ளோஸுக்குத் தாவினால் சரியாகிறது. வெட்டு, தட்டு கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே விழ வேண்டும். தரையைத் தொட்டபின் வெட்டினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அட்டை இல்லாத சட்டையை மட்டும் நெருங்கிக் காட்டி நடுவில் செருக ஓர் இன்சர்ட் தேவைப்படுகிறது. முகம் வராது என்பதால் அறையைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அதே நிறச் சுவர், கதவுப் பக்கத்திலிருந்து வருவது போல லைட், அம்மா நிற்கும் உயரத்தில் கேமரா இருந்தால் எங்கேயும் எடுத்துவிடலாம். அதுவரை அந்தச் சட்டையை யாரும் துவைக்கக் கூடாது, இஸ்திரியும் போடக் கூடாது.