அருவங்காடு போய் உஸ்தாதைப் பார்த்தேன்

மலை ரயிலில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டிக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள். நான் எடுத்தது அருவங்காட்டுக்கு. குன்னூர், வெலிங்டன் தாண்டியதும் வருகிற சின்ன ஸ்டேஷன். பக்கத்து சீட்டுக்காரர், “அங்க பாக்குறதுக்கு என்ன சார் இருக்கு?” என்று கேட்டார். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கு, ஆனா நம்மளை உள்ளே விட மாட்டாங்க என்று சொல்லி வைத்தேன். உஸ்தாதைப் பார்க்கப் போகிறேன் என்றால் யார் அது என்று விளக்க வேண்டிவரும்.

இங்கே விளக்கிவிடுகிறேன். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ‘ரங்ரூட்’. அவனை ஓடவிட்டு, உருளவிட்டு, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற நாயக்கும் ஹவில்தாரும் அவனுக்கு ‘உஸ்தாத்’. தமிழ்ப் பையனானாலும் மலையாளிப் பையனானாலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். நான் பார்க்கப் போனது தொண்ணூறுகளின் நடுவில் வெலிங்டனில் எங்கள் பிளட்டூனுக்கு வாய்த்த உஸ்தாதை. பெயரைப் போடவில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது.

நாங்கள் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம், அதனால் பட்டாளத்தில் சேர்வது பெரிய சேதியே இல்லை. காட்பாடியில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடிகிற நேரத்துக்கு மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10க்கு. போக நினைப்பவர்கள் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயிலே ரத்தாவதும் உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கிறது. நீராவி இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அதன் பல்சக்கரம் சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க, நாங்கள் டீ குடித்தோம். வடையைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்காதீர்கள், குரங்குகள் ரொம்பத் தைரியசாலிகள்.

முதன்முதலில் நான் இந்த மலை ஏறியது ரயிலில் இல்லை. பட்டாளத்து லாரியில், தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் வாந்தி. அந்த மயக்கத்தில் இறங்கிய இடம்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்.

அதன் வரலாற்றை வகுப்பில் உட்காரவைத்துச் சொல்வார்கள். 1758இல் தொடங்கிய படை. 1803இல் அசாயே போரில் சண்டையிட்ட மதராஸ் சிப்பாய்களின் நினைவாகத்தான் எங்கள் சின்னத்தில் யானை. அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. அவர் பெயரைத்தான் இந்த ஊருக்கும் வைத்தார்கள். அதற்கு முன் இது ஜகதளா. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற போர்முழக்கத்தைக் கத்திக் கத்தி முதல் வாரத்திலேயே தொண்டை போய்விடும்.

தொண்டையாவது பரவாயில்லை. எனக்குப் போனது கால்.

வயலிலும் ரோட்டிலும் வெறுங்காலோடு ஓடியே ஆள்சேர்ப்பில் தேறியவன் நான். எங்கள் பிளட்டூனில் பாதிப் பேர் அப்படித்தான். கட்டாந்தரையில் எதையும் தாங்குகிற கால், புது பூட்ஸுக்குள் போனதும் தாங்கவில்லை. 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், காலையில் எழுந்ததுமே குளிர் எலும்பைப் பிடிக்கும். தோல் விறைத்திருக்கும்போதே ஓட்டம் ஆரம்பிக்கும். குதிகாலில் கொப்புளம், கொப்புளத்துக்குள் ரத்தம். நொண்டினால், “பஹானா பண்றான்” என்று சில உஸ்தாதுகள் இன்னும் ஒரு சுற்று ஓடவைப்பார்கள். ஓடாமல் தப்பிக்கச் சாக்குச் சொல்கிறானாம். கொப்புளம் சீழ் பிடித்து எம்.ஐ. ரூமுக்கும் (முகாமிலேயே இருக்கிற சின்ன வைத்திய அறை) அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பயிற்சி நாட்கள் விட்டுப்போனால், அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள். கூட வந்தவனெல்லாம் கசம் பரேடில் சத்தியம் எடுத்து யூனிட்டுக்குப் போய்விடுவான், நாம் முதலிலிருந்து மாரடிக்க வேண்டும். சீனியாரிட்டியும் போகும். குதிகாலில் ஒரு கொப்புளம் இவ்வளவு தூரம் இழுக்கும் என்று பதினெட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

எங்கள் உஸ்தாதுக்குத் தெரிந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அப்போது ஹவில்தார். மைதானத்தில் அவர் சாது என்று சொன்னால் என் பேட்ச்காரர்கள் சிரிப்பார்கள். ரகடா, அதாவது உடம்பைப் பிழிகிற தண்டனை, கொடுப்பதில் யாருக்கும் குறை வைத்ததில்லை. ஒருவன் பட்டன் போடாததற்குப் பிளட்டூனே சரிவில் உருண்டிருக்கிறோம். ஆனால் ராத்திரி ரோல்கால் முடிந்த பிறகு டார்ச்சோடு பாரக்குக்குள் வருவார். “காலக் காட்டுல மக்கா” என்பார். கட்டில் ஓரமாக வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டு உட்காருவோம். தரையில் குந்தி, ஒவ்வொரு காலையும் கையில் எடுத்து, விரல் இடுக்கு வரை விலக்கிப் பார்ப்பார். ஹவில்தார் ஒருத்தர் நம் காலைத் தொடுகிறார் என்று முதல் நாள் எனக்குக் கூச்சமாகிக் காலை இழுத்துக்கொண்டேன். தொடையில் ஒன்று வைத்தார். அப்புறம் இழுக்கவில்லை.

அவர் வைத்தியம் எளிமையானது. கொப்புளத்தைக் கிழிக்கக் கூடாது. ஊசியை நெருப்பில் காட்டி ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் கட்டு. சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் விரலை அறுக்காது. குதிகால் படுகிற இடத்தில் காய்ந்த சோப்பைத் தேய்த்துவிட வேண்டும். காலைக் கழுவுவது பெரிதில்லை, விரலுக்கு நடுவில் ஈரம் போகத் துடைப்பதுதான் பெரிது. பூட்ஸ் கயிற்றைக் கீழே தளர்த்தியும் கணுக்காலில் இறுக்கியும் கட்டச் சொல்வார். இதையெல்லாம் எந்தப் பீரியடிலும் போர்டில் எழுதிப் போடவில்லை. எங்கள் பிளட்டூனில் காலுக்காக ஒருத்தனும் பேட்ச் தள்ளிப்போகவில்லை.

பல வருஷம் கழித்து நான் ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பாகிப் பனி போஸ்டுக்குப் போனபோதுதான் அதன் முழு அர்த்தம் பிடிபட்டது. அங்கே எதிரி வியர்வை. நடக்கும்போது சாக்ஸ் நனையும், நின்றதும் அந்த ஈரம் உறையும். விரல் மரத்துப்போவதால் வலியே தெரியாது. நிறம் மாறியிருக்கிறதா என்று இன்னொருத்தன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு என் பையன்களிடம், “காலக் காட்டுல” என்றேன். வேலூர்க்காரன் வாயில் நாகர்கோவில் பேச்சு வந்ததைக் கேட்டு அவன்கள் சிரித்தார்கள். விரலோடு இறங்கி வந்தார்கள்.

அதைச் சொல்லத்தான் அருவங்காடு. பென்ஷன் வந்த பிறகு டி.எஸ்.சி. என்கிற பாதுகாப்புத் துறைக் காவல் படையில் சில வருஷம் இருந்துவிட்டு, மனைவியின் ஊரான இங்கேயே தங்கிவிட்டார் என்று ஒரு பேட்ச்காரன் விலாசம் கொடுத்திருந்தான். ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறி, கேரட் பாத்தி ஓரமாக நடந்து போனால் வீடு. ஸ்வெட்டர், மங்கி கேப், கையில் மண்வெட்டி. கை தானாக சல்யூட்டுக்குப் போய்விட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனி? எந்த வருஷம்?” என்று விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு ஒன்ன ஞாபகம் இல்ல மக்கா” என்றார்.

மனசு சுருங்கவில்லை என்றால் பொய். ஆனால் அவர் மனைவி கொண்டுவந்த வரக்காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, ஞாபகம் இல்லாததுதான் சரி என்று தோன்றிவிட்டது. என்மேல் தனிப் பிரியம் வைத்து அவர் என் காலைப் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த எல்லாக் காலையும் பார்த்தார், பேட்ச் பேட்ச்சாக. யாருடைய கால் என்று எண்ணி வைத்திருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

நன்றி சொன்னேன். பனி போஸ்டு கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அவர் முகம் மாறியது. ரங்ரூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் முன் அவர் கிளேசியரில், பனியாற்று போஸ்டில், இருந்தாராம். கூட இருந்த பையன், நல்ல ஓட்டக்காரன், வெட்கப்பட்டுக்கொண்டு பூட்ஸைக் கழற்றாமலே இருந்து ரெண்டு விரலை விட்டுவிட்டான். “கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான்டே. நாமதான் பாக்கணும்” என்றார்.

பேச்சு அக்னிவீர் பக்கம், நாலு வருஷத்துக்கு மட்டும் ஆளெடுக்கிற திட்டத்தின் பக்கம், போனது. ஆறு மாதப் பயிற்சி போதுமா என்று கேட்டேன். அரசாங்கத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. “ராத்திரி பாரக்குக்குப் போறதுக்கு நேரம் இருக்கான்னு பாத்துக்கிடணும்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்னைக் கேட்டால், எத்தனை மாதம் என்பதைவிட இதுதான் முக்கியமான கேள்வி.

என் அக்கா மகன் அடுத்த ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகுகிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். “எதப் போட்டுட்டு ஓடுறான்?” என்று கேட்டார். வெறுங்காலோடுதான் என்றேன். உடனே போன் போடச் சொல்லி, மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஷூ எப்போது வாங்க வேண்டும், எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக வேண்டும், எந்தச் சாக்ஸ் வாங்கக் கூடாது என்று ஆரம்பித்தார். மறுமுனையில் பயல், “சரிங்க சார், சரிங்க சார்” என்பது எனக்கே கேட்டது. “சார் இல்லல, உஸ்தாத்” என்று ஒரு அதட்டல் வேறு. நான் கிளம்ப நினைத்திருந்த மேட்டுப்பாளையம் பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. அவர் அப்போதுதான் கயிறு கட்டுகிற விதத்துக்கு வந்திருந்தார்.