கிராஞ்சியில் நம் பூ

சிங்கப்பூரில் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, லாரிகள் உறுமிக்கொண்டு போகும் உட்லண்ட்ஸ் சாலையோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் போர் நினைவிடம் வந்துவிடும். மேட்டுச்சரிவு முழுக்க வெள்ளைக் கற்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களில் 4,400 பேருக்கு மேல் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் 850க்கும் அதிகமானோர் யாரென்றே தெரியவில்லை.

நான் முக்கியமாகப் பார்க்கப் போனது, அந்தக் கற்களுக்கு முன்னால் மனிதர்கள் வைத்துவிட்டுப் போகும் பொருட்களை. ஒரு கல்லடியில் விரல் நீள மரச்சிலுவை, அதன் நடுவில், போரில் மாண்டவர்கள் நினைவாக வைக்கும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ. இன்னொன்றில் கைக்குட்டை அளவில்கூட இல்லாத ஆஸ்திரேலியக் கொடி. மூன்றாவதில், மழைக்குத் தாங்கும்படி பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு புகைப்படம். சீருடையில் சிரிக்கும் பையன், இருபது வயதுதான் இருக்கும். பின்புறம் பேனாவில் நாலு வரி எழுதியிருந்தது. உறைக்குள் ஈரம் இறங்கி மை பரவியிருந்தாலும் 'தாத்தா' என்று அழைத்திருப்பது புரிந்தது. தாத்தாவாகும் வயதுவரை வாழாத ஒருவரை அப்படிக் கூப்பிட ஒரு பேத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் மேலே ஏறினோம். 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுச் சின்னம் அங்கேதான் இருக்கிறது. விமான இறக்கை போல விரிந்த கூரை, அதைத் தாங்கும் தூண்கள், தூணெல்லாம் பெயர்கள். உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோர். மலாயாப் போர்முனையில் செத்தவர்களும், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சிறைப்பட்டு மடிந்தவர்களும் இதில் உண்டு. இந்திய ராணுவத்தினர் பெயர்கள் தூண் தூணாக நீள்கின்றன. அந்தத் தூண்களின் கீழே ஒரு பூ இல்லை.

என்னோடு வந்த அத்தை சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "வெறுங்கையோட போகக்கூடாதுப்பா" என்று காலையில் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் மல்லிகைச் சரமும் கொஞ்சம் சாமந்தியும் வாங்கி, வாழையிலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். விரலை ஓட்டியபடி தேடி, 'சாமி' என்று முடியும் ஒரு பெயரில் நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். "யார் பெத்த புள்ளையோ" என்றார். சரத்தை மாட்ட வசதி இல்லை, தூணடியில் வைத்தோம். சூடம் மட்டும் வேண்டாம், கல் கறுத்துப்போகும் என்று அவரே சொல்லிவிட்டார்.

சின்னத்துக்குப் பின்புறம் இன்னொரு நினைவிடம் இருக்கிறது, பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது. பெரும்பாலும் இந்தியப் படையினர். சாமந்தியை அங்கே வைத்தோம்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தவர்கள் நாம். இந்தத் தூண்கள் வெறுமையாக இருப்பதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வருகிறவருக்குத் தன் தாத்தாவின் கல் எந்த வரிசையில் என்று தெரியும். நம் கிராமத்து வீட்டில் 'சண்டைக்குப் போனவர் திரும்பலை' என்பதோடு கதை நின்றிருக்கும். போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கோ இந்தத் தூண்களிலும் இடமில்லை. அவர்கள் படைவீரர்கள் அல்லவே.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் உண்டென்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. தூண் எண் கிடைத்துவிட்டால் நேரே போய் நிற்கலாம். நவம்பரில் போரில் மாண்டவர்களுக்கான நினைவு ஞாயிறும், ஏப்ரல் 25இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தின விடியல் நிகழ்ச்சியும் நடக்கும், கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், மேட்டில் நிழல் குறைவு. பூவை லிட்டில் இந்தியாவில் டேக்கா பக்கமே வாங்கிக்கொள்ளுங்கள்.