பழைய வீட்டுக்குப் புதிய யன்னல்கள்

வெப்பநாட்டில் வளர்ந்தவர்களுக்கு யன்னல் என்பது காற்று உள்ளே வருவதற்கான வழி. கனடாவில் சொந்தமாக வீடு வாங்கிக் குடியேறிய பிறகுதான், காற்று உள்ளே வராமல் தடுப்பதற்கும் யன்னலுக்குப் பெரும்பணம் செலவிட வேண்டியிருக்கும் என்பது விளங்குகிறது. சனவரி மாதத்து இரவில் வீட்டுக்குள்ளே 21 பாகை, வெளியே மைனஸ் 20 பாகை என்றால், அந்த 41 பாகை வேறுபாட்டைச் சில மில்லிமீற்றர் கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள சட்டமும்தான் தாங்கி நிற்கின்றன. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீடு 1960களில் கட்டப்பட்டது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல்களே அதில் இருந்தன. அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால், கடுங்குளிர் நாட்களில் சட்டத்தின் உட்பக்கத்திலேயே உறைபனி படியும். நண்பகல் வெயில் பட்டதும் அது உருகிக் கீழ்க்கட்டையில் தேங்கி, மரத்தை ஊறவைக்கும். பல குளிர்காலங்களாக அப்படி ஊறிய கட்டையில் பேனை முனையை அழுத்தினாலே உள்ளே இறங்கியது.

முதலிரு குளிர்காலங்களை, இங்கே பலரும் செய்வதுபோல, பிளாஸ்டிக் தாளைக் கொண்டே சமாளித்தோம். மெல்லிய தாளை இருபுறமும் ஒட்டும் நாடாவால் சட்டத்தில் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால், அது மத்தளத் தோல்போல இறுகிக்கொள்ளும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே இன்றும் சொல்வேன். ஆனால், மரம் உக்கத் தொடங்கிவிட்ட வீட்டில் இது குளிர்க்காற்றை மட்டுமே தடுக்கும், உக்குவதை நிறுத்தாது.

யன்னல் மாற்றுவதென்று முடிவெடுத்து விலைமதிப்பீடு கேட்டபோது, இருவகையான மனிதர்களை எதிர்கொண்டோம். முதல் வகையினர் பெரிய நிறுவனங்களின் விற்பனையாளர்கள். அவர்களுள் ஒருவர் நெடுநேரம் வரவேற்பறையில் அமர்ந்து விளக்கப்படங்களைக் காட்டிவிட்டு, ஒரு பெருந்தொகையை எழுதி, அன்றிரவே கையெழுத்திட்டால் அதிலே பெரும்பகுதியைக் குறைத்துவிடுவதாகச் சொன்னார். மறுநாள் அந்த விலை கிடைக்காது என்பதே அவருடைய வாதத்தின் அடிப்படை. புதிதாக வந்தவர்கள், வீடு தேடி வந்து இவ்வளவு நேரம் பேசிய ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையில்லை என்று எண்ணிக் கையெழுத்திட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கையெழுத்திட்டவர்களுக்கு எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு வழியைத் தந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். இது சலுகையல்ல, உரிமை. இதைப் பயன்படுத்த யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வகையினர், தெரிந்தவர்கள் மூலம் வருபவர்கள். எங்கள் சமூகத்தில் இந்த வழியாகவே பெரும்பாலான வீட்டு வேலைகள் நடக்கின்றன. அதில் உள்ள நம்பிக்கையையும் உதவியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தும், விவரங்களை எழுத்தில் தரச் சொன்னபோது, "எழுத்து ஏன் அண்ணை, நான் எங்கை ஓடிப்போகப் போறன்?" என்று ஒருவர் கேட்டார். அவர் ஓடிப்போக மாட்டார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், எந்த நிறுவனத்தின் யன்னல், எத்தனை கண்ணாடி, பழைய சட்டம் முழுவதும் கழற்றப்படுமா, குப்பையை அகற்றுவது யார் என்பவற்றை எழுதி வைக்காவிட்டால், நல்ல மனிதர்கள் இருவருமே தத்தம் நினைவின்படி நியாயம் பேசி, ஈற்றில் உறவு முறிந்துபோகும். எச்.எஸ்.ரி. எனப்படும் 13 சதவீத விற்பனை வரியை மிச்சப்படுத்துவதற்காகப் பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது வரி ஏய்ப்பு என்பது ஒருபுறமிருக்க, கொடுத்த பணத்துக்கும் பெற்ற உத்தரவாதத்துக்கும் எந்தச் சான்றும் இல்லாமற் போய்விடுகிறது.

நாங்கள் இறுதியாகத் தெரிவுசெய்தவர், எங்கள் பகுதியிலேயே நெடுங்காலம் சிறிய அளவில் தொழில் செய்துவரும் ஒரு கொன்ராக்டர். அவர் மற்றவர்களைப்போலக் கண்ணாடியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கவில்லை. படுக்கையறை யன்னலின் முன் முழந்தாளிட்டு, ஓரத்து அலங்காரப் பலகையை மெல்லிய இரும்புத் தகட்டால் நோகாமல் நெம்பி எடுத்து, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் கைவிளக்கை அடித்துக் காட்டினார். அங்கே திணிக்கப்பட்டிருந்த கண்ணாடி இழைப் பஞ்சு, ஒரு பக்கம் அதன் இயல்பான நிறத்திலும் மறுபக்கம் கரிபடிந்ததைப்போலக் கறுத்தும் இருந்தது. பல்லாண்டுகளாக அந்த இடைவெளியால் நுழைந்த காற்றின் தூசியைப் பஞ்சு வடிகட்டிப் பிடித்து வைத்திருக்கிறது என்றும், கறுத்த இடமெல்லாம் காற்றின் பாதை என்றும் அவர் விளக்கினார். நாங்கள் குளிர் வருவதாக நினைத்திருந்தது கண்ணாடி வழியாக. உண்மையில் அதில் பெரும்பங்கு இந்த இடைவெளி வழியாக வந்திருக்கிறது. யன்னல் வாங்குவோர் எல்லோரும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த இடைவெளியை நீங்கள் எப்படி அடைப்பீர்கள் என்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேள்விக்கான விடை, எவ்வகை மாற்றீடு என்பதைப் பொறுத்தது. ரெட்ரோஃபிட் என்று சொல்லப்படும் முறையில் பழைய மரச்சட்டத்தை அப்படியே விட்டு, அதற்குள் புதிய யன்னலைப் பொருத்துகிறார்கள். செலவும் நேரமும் குறைவு. உட்பக்கச் சுவருக்கும் சேதம் வராது. பழைய சட்டம் உறுதியாக இருந்தால் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், சட்டத்துக்குள் சட்டம் அமைவதால் கண்ணாடிப் பரப்புச் சுருங்கி வெளிச்சம் குறையும். அதைவிட முக்கியமாக, உக்கிய மரமும் கறுத்த பஞ்சும் வெளியே தெரியாத இடத்தில் அப்படியே தங்கிவிடும். பிரிக்-டு-பிரிக் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் மற்ற முறையில், செங்கல் தெரியும்வரை எல்லாவற்றையும் கழற்றி, கெட்ட மரத்தை மாற்றி, இடைவெளியைப் புதிதாக அடைத்துப் பொருத்துகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது முறையைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. விலைமதிப்பீடுகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தொகையை மட்டும் பார்த்தால், குறைந்த விலை பெரும்பாலும் ரெட்ரோஃபிட் விலையாகவே இருக்கும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை முடிவெடுப்பது எளிது. கனடாவில் சக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரை பெறுவதற்கு, 2020ஆம் ஆண்டு சனவரி முதல் யன்னலின் யூ மதிப்பு 1.22க்கு மிகாமல் இருக்க வேண்டும், அல்லது யன்னலின் மொத்தச் சக்தித் திறனைக் காட்டும் ஈ.ஆர். எண் 34க்குக் குறையாமல் இருக்க வேண்டும். யூ மதிப்பு குறையக் குறைய வெப்ப இழப்புக் குறையும். கண்ணாடிகளுக்கு இடையில் ஆர்கன் வாயுவும், வெப்பத்தை உள்ளேயே திருப்பியனுப்பும் லோ-ஈ பூச்சும் இன்று வழக்கமாகிவிட்டன. சொன்ன கண்ணாடிதான் வந்திருக்கிறதா என்று பார்க்க அந்தக் கொன்ராக்டரே ஒரு வழி காட்டினார். இருட்டிய பின் எரியும் லைட்டரைக் கண்ணாடியருகே பிடித்தால், ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு சுடர்ப் பிம்பங்கள் தெரியும். மூன்று கண்ணாடி என்றால் ஆறு. லோ-ஈ பூச்சுள்ள பரப்பிலிருந்து வரும் பிம்பம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். நாங்கள் ஒவ்வொரு யன்னலிலும் அதைச் செய்து பார்த்தோம்.

கையெழுத்திடுவதற்கு முன், மாநகரசபை வழங்கும் கட்டடப் புதுப்பிப்பாளர் அனுமதிப்பத்திரம் அவரிடம் இருக்கிறதா என்று பார்த்தோம். ரொறன்ரோவில் இத்தொழில் செய்வோருக்கு அது கட்டாயம். பொறுப்புக் காப்புறுதியின் சான்றையும், டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தலக் காப்புறுதிச் சபையின் சான்றிதழையும் கேட்டு வாங்கினோம். ஏணியிலிருந்து ஒரு தொழிலாளி விழுந்தால் அவருக்கு இழப்பீடு எங்கிருந்து வரும் என்பது, வீட்டுக்காரரின் பாதுகாப்புக்காக மட்டுமல்ல, அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்காகவும் கேட்க வேண்டிய கேள்வி. ஒப்பந்தத்தில் விலைமதிப்பீடு எழுதப்பட்டிருந்தால், உரிமையாளர் புதிய வேலைகளுக்கோ புதிய விலைக்கோ உடன்பட்டாலொழிய, இறுதித் தொகை அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்பதும் அதே நுகர்வோர் சட்டத்தில் உள்ளது. சுவரைத் திறந்த பிறகு உக்கிய மரம் தெரியவந்தால் என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுதச் சொன்னதால், பின்னர் பேச்சுக்கு இடமிருக்கவில்லை.

அதே அளவு திறப்பில் யன்னலை மாற்றுவதற்கு மாநகரசபையின் கட்டட அனுமதி தேவையில்லை. திறப்பைப் பெரிதாக்கினால் தேவை. நிலக்கீழ்த் தளத்தில் படுக்கையறை வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீ விபத்தின்போது ஆள் வெளியேறுவதற்கான யன்னல், குறைந்தது 0.35 சதுரமீற்றர் திறப்பும் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாத அளவும் கொண்டிருக்க வேண்டும். அங்கே மாணவர்களையும் புதிதாக வந்த குடும்பங்களையும் வாடகைக்கு வைத்திருக்கும் எங்கள் மக்கள், யன்னல் மாற்றும் சந்தர்ப்பத்திலாவது இதைச் சரிசெய்ய வேண்டும்.

வேலை நடந்தபோது நான் அருகிலேயே நின்று பார்த்தேன். கழற்றப்பட்ட திறப்பின் அடிப்பகுதியில், வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருக்குமாறு கட்டை வைத்து, அதன்மேல் நீர்புகா ஒட்டுத்தாளை விரித்தார்கள். யன்னலை வைத்ததும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார்கள். இரு குறுக்களவுகளும் ஒத்துவரும்வரை ஆப்புகளைத் தட்டிச் சரிசெய்தார்கள். இடைவெளியை அடைக்க, குறைவாக விரியும் வகை ஃபோமையே பயன்படுத்தினார்கள். அதிகம் விரிவது புதிய யன்னலின் வினைல் (பிளாஸ்டிக்) சட்டத்தை வளைத்துவிடும், பிறகு யன்னல் திறக்க மறுக்கும். வெளிப்புறத்தில் அலுமினியத் தகடு மூடிச் சிலிக்கோன் பூசியபோது, சட்டத்தின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளை மூடிவிடாதே என்று மூத்தவர் இளையவரிடம் இருமுறை சொன்னார். 1990க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தரையெங்கும் தாள் விரித்து, பிள்ளைகளை அந்த அறைகளுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டோம்.

புதிய யன்னல் போட்ட முதற் குளிர்காலத்தில் பலரையும் திகைக்க வைப்பது, கண்ணாடியின் கீழோரத்தில் காலையில் தெரியும் நீர்த்துளிகள். உட்பக்கத்தில் துளி படிந்தால், அது பெரும்பாலும் யன்னலின் குறையல்ல. முன்பு இடைவெளிகளால் வெளியேறிய ஈரம் இப்போது வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. சமையலின்போதும் குளியலின்போதும் காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டு, இரவில் திரைச்சீலையைச் சற்று விலக்கி வைத்து, கடுங்குளிரில் ஈரப்பதனை 30 சதவீதமளவில் வைத்திருந்தால் அது குறைந்துவிடும். வெளிப்பக்கத்தில் இலையுதிர்காலத்து விடியலில் துளி படிந்தால், யன்னல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கிறது என்று பொருள். இரு கண்ணாடிகளுக்கும் நடுவே புகைபோல மங்கல் படிந்தால்தான், அவற்றின் ஓரத்தை மூடியிருக்கும் அடைப்பு உடைந்திருக்கிறது. அதற்கு உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதத்தைக் கேட்க வேண்டும். பொருத்திய வேலைக்கான உத்தரவாதம் கொன்ராக்டருடையது என்பதால், இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

கடைசியாகப் பணம். முற்பணத்தை இயன்றளவு குறைவாகவே கொடுத்தோம். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டத்தின்படி, வேலை முடிந்த பின்னும் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தை 60 நாட்களுக்கு உரிமையாளர் தன்னிடம் நிறுத்தி வைக்க வேண்டும். கொன்ராக்டர் தனக்கு யன்னல் வழங்கியவருக்கோ கூலியாளுக்கோ பணம் கொடுக்காமல் விட்டால், அவர்கள் வீட்டின்மீது உரிமைகோரிப் பதிவுசெய்ய முடியும் என்பதே அதற்குக் காரணம். இதைச் சொன்னபோது எங்கள் கொன்ராக்டர் முகம் சுளிக்கவில்லை. ஒப்பந்தத்தில் அவரே அதைச் சேர்த்தார். அந்தக் காலத்துக்குள் சமையலறை யன்னலின் கைப்பிடி இறுகி நின்றது. அழைத்ததும் வந்து, கீலைச் சரிசெய்து, மற்ற யன்னல்களையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார். தவணை முடிந்ததும் மிகுதித் தொகையைக் காசோலையாகக் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டோம்.