பழைய விதியை நம்பிச் சொன்ன பதில்

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக நோயாளி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நோயாளி சேர்க்கப்படும் நேரம் முதல் வீடு திரும்பி மறுபரிசோதனைக்கு வரும் நாள் வரை, மருத்துவருக்கும் காப்பீட்டுப் பிரிவுக்கும் குடும்பத்தாருக்கும் நடுவே ஓடுவதுதான் வேலை. முதுகலைச் சமூகப்பணி படித்தவள் என்பதால், கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதாகவே நெடுநாள் நினைத்திருந்தேன்.

2024 டிசம்பரில் வீராம்பட்டினத்திலிருந்து 73 வயது மூதாட்டி ஒருவரை இடுப்பு எலும்பு முறிவோடு அழைத்து வந்தார்கள். அவருடைய மகனுக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த பைபாஸ் அறுவையிலும் அதன்பின் வந்த தொற்றுக்கான சிகிச்சையிலும், குடும்பத்தின் ஆயுஷ்மான் அட்டையிலிருந்த (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடு) 5 லட்சம் ரூபாய் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. "அம்மாவுக்கு வேற வழி ஏதாவது இருக்குங்களா மேடம்?" என்று அந்த மகன் கேட்டார். கணினியில் மீதித் தொகையைப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். மறுநாள் மருமகளின் கழுத்தில் சங்கிலி இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்: 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் திட்ட விரிவாக்கத்தின்படி, 70 வயது நிறைந்தவர்கள் வருமான வரம்பின்றி இத்திட்டத்தில் சேரலாம், ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பத்து முதியவர் என்றால், குடும்பத்தில் 70 வயதுக்குக் குறைந்தவர்களோடு பங்கிட வேண்டாத தனி 5 லட்சம் அவருக்கு உண்டு. வகுப்பெடுத்தவர் இரண்டு நிமிடத்தில் இதைக் கடந்து சென்றுவிட்டார். அதன்பின் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அன்று மாலையே அந்த மகனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர்களுக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் அதைப் புதுப்பிக்க, ஐந்தாண்டுக்கு 80 மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும். அதில் 8 மணி நேரம் தொழில் அறம். எங்கள் மருத்துவமனையிலோ என் போன்றோருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நடக்கும் வகுப்புகளும் பெரும்பாலும் நோய்களைப் பற்றியவை (தேநீரும் சான்றிதழும் தவறாமல் கிடைக்கும்). நோயைப் பற்றிய அறிவு தேவைதான். ஆனால் எங்கள் தவறுகள் பெரும்பாலும் அரசாணையையும் சுற்றறிக்கையையும் அறியாததால் நேர்கின்றன. காசநோயாளிக்கான மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததைக்கூட ஒரு நோயாளியின் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

இப்போது சனிக்கிழமை தோறும் பில்லிங் பிரிவினரோடும் மருந்தாளுநரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரம் மாறிய விதிகளைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்க்கிறோம். முள்ளோடையைத் தாண்டி கடலூரிலிருந்து வருவோருக்குத் தமிழக அரசின் காப்பீட்டு அட்டை என்பதால், அதற்குத் தனிப் பக்கங்கள் உண்டு.

சென்ற வாரம், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் இருக்கும் 76 வயதுப் பெரியவர் ஒருவர், ஆயுஷ்மான் முதியோர் அட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், "ரெண்டு நிமிஷம் உட்காருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கோப்பைப் புரட்டிப் பார்த்த பிறகே பதில் சொன்னேன்.